எட்டுச் செங்கல் எடை

பழைய நூல் சேலைக்குள் செங்கல்லைக் கட்டி வைத்தால் ஒரு வாசனை வரும். சுட்ட மண்ணும், சலவை சோப்பும், அந்தச் சேலையை உடுத்தியிருந்தவளின் வேர்வையும் கலந்து, கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று பிரிக்க முடியாமல் போய்விடும். எனக்கு எட்டு வயது நடந்தபோது, ஆவணியில் தொடங்கிக் கார்த்திகை வரைக்கும், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விடிந்ததும் வருவது அந்த வாசனைதான். இன்றைக்கும் புதிதாக வீடு கட்டுகிற தெரு வழியாக நடக்கும்போது, லாரியிலிருந்து செங்கல் இறக்குகிற இடம் வந்தால் என் நடை வேகமாகிவிடும். கூட வருகிறவர்கள் கேட்டால் தூசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

நாங்கள் அப்போது திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஜில்லா பிரிந்து புது ஆபீஸ்கள் வந்த பிறகு வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தாக்களில் அப்பாவும் ஒருவர். அம்மா கிராம சுகாதார நர்ஸ். காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து, தோளில் ஒரு பையோடும் அதற்குள் ஒரு தொங்கு தராசோடும் ஊர் ஊராகப் போய், கைக்குழந்தைகளைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் எழுதிவிட்டு வருவாள். எடை குறைந்த குழந்தையின் தாயை அவள் திட்டுகிற திட்டு அந்தப் பக்கத்து ஊர்களில் பிரசித்தம். மந்திரிக்கிறேன், கயிறு கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைப் படிக்காதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரு பிரார்த்தனை உண்டு. பிள்ளை இல்லாதவர்கள் அண்ணாமலையாரை வேண்டிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்த பிறகு, தீபத் திருவிழாவில் பெரிய தேர் ஓடுகிற நாளில், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே படுக்கவைத்து, அப்பா முன்னாலும் அம்மா பின்னாலும் தோளில் சுமந்து மாட வீதி நான்கையும் சுற்றி வருவார்கள். அந்தப் பிள்ளைக்குப் பொதுவாக ஒரு வயதுகூட ஆகியிருக்காது. ஆறு கிலோவோ ஏழு கிலோவோ இருக்கும். கரும்பும் தாங்கும், தோளும் தாங்கும்.

ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து என்னைப் பெற்ற என் அம்மாவும் அப்படி வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் நான் பிறந்த வருஷம் தாத்தா இறந்துபோனதால் தீட்டு. மறு வருஷம் அப்பாவுக்கு மாற்றல், வீடு தேடுகிற அலைச்சல். அதற்கடுத்து அம்மாவுக்கு வேலைக்கான பயிற்சி, அப்புறம் தேர் நாளுக்கு நான்கு நாள் முன்னால் எனக்கு அம்மை போட்டது. இப்படி ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வந்து, "அடுத்த தீபத்துக்கு" என்பது எங்கள் வீட்டில் எதைத் தள்ளிப்போட்டாலும் சொல்கிற வார்த்தையாகவே ஆகிவிட்டது. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுகூட அடுத்த தீபத்துக்குத்தான். நானோ யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தேன்.

எனக்கு எட்டு வயது தொடங்கிய தை மாதத்தில் அம்மாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. நான் அவனைப் பார்க்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் பையோடு வந்தாள், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் பிள்ளைகளை எடை பார்க்கத் தொடங்கினாள். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

ஆடி மாதம் போளூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. தாய் இல்லாத அப்பாவைச் சோறு ஊட்டி வளர்த்தவள் என்பதால் அவள் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"குடுத்தவன் சும்மா இருப்பானாடா? எட்டு வருசமா ஏமாத்திக்கினு இருக்கீங்க. ஒண்ணை எடுத்துக்கிட்டான். இருக்கற ஒண்ணையாவது காப்பாத்திக்குங்க."

இருக்கிற அந்த ஒன்று, இரண்டடி தள்ளி உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது. எனக்கு அத்தை மேல் இன்றும் கோபம் இருக்கிறது. செத்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்பார்கள், இருந்தாலும் இருக்கிறது. அன்றைக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஊரையே திட்டுகிற என் அம்மா பதில் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவ எழுந்து போனதுதான்.

பெரிய பிள்ளைக்கு வேறு மாதிரி செய்யலாமே என்று அப்பா கேட்டுப் பார்த்தார். ஒரு சின்ன வெள்ளித் தொட்டில் செய்து உண்டியலில் போட்டுவிடலாம், அல்லது சித்தப்பாக்கள் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுக்கலாம். அம்மாதான் ஒப்பவில்லை. "நானும் அவரும் எங்க தோள்ல சுமந்து வர்றோம்னு என் வாயால சொல்லியிருக்கேன், அண்ணி" என்று அத்தையிடம் சொன்னாள். அதோடு முடிந்தது.

மறுநாள் காலையில் கீழே வாசலில் ஒரு மூங்கில் கழியில் சேலையைக் கட்டி, என்னை உட்காரவைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். அப்பா நெட்டை, அம்மா குட்டை. கழி பின்பக்கம் சாய்ந்து, சேலை முடிச்சு வழுக்கிக்கொண்டே போய் என் பாரம் முழுக்க அம்மா மேல் இறங்கியது. பத்து அடிகூட வைத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் முழங்கால் மடிந்து, நான் தரையில் தொப்பென்று விழுந்தேன். வலிக்கவில்லை. ஆனால் அம்மா எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் கீழே குடியிருந்தார். எல்லோருக்கும் அவர் "பாய்". பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பியும் சிமென்ட்டும் விற்கிற கடை அவருடையது. வாலிபத்தில் "கசரத்து" என்று தேகப்பயிற்சி பழகியவர், அறுபதிலும் தோள் இறங்காமல் இருப்பார். நடந்ததைப் பார்த்தவர் சிரிக்கவில்லை. எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டார், விரல் விட்டு எண்ணினார், பிறகு அப்பாவிடம் சொன்னார்: "ஜாஸ்தி தூக்கறது பெருசில்ல சார். டெய்லி தூக்கணும், அவ்ளோதான். கம்மியா ஆரம்பிங்க. ஒடம்பு தன்னால கேக்கும்."

அவர் கடையில் கம்பி நிறுக்கிற பெரிய தராசு ஒன்று சங்கிலியில் தொங்கும். அதன் ஒரு தட்டில் என்னை உட்காரவைத்து, மறு தட்டில் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கினார். ஏழு வைத்தும் நான் தரையிலேயே இருந்தேன். எட்டாவதை வைத்ததும் என் தட்டு மெல்ல எழுந்து, இரண்டும் சமமாக நின்றது. அப்பா கைதட்டினார். அன்றிலிருந்து அவருக்கு நான் "எட்டுக் கல்லு". அந்த எட்டுச் செங்கல்லையும் பாய் எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் எங்கள் வீட்டில் பயிற்சி தொடங்கியது. இருவருக்கும் வேலை, எனக்குப் பள்ளிக்கூடம், குழாயில் தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். அதனால் ஐந்தரைக்கு எழுந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போனால், ஆறேகாலுக்குள் எல்லாம் முடிய வேண்டும். அப்பா கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிச் சாய்வாகத் "தண்டால்" எடுப்பார். தரையில் எடுக்க அவருக்குத் தெம்பு வரச் சரியாக ஒரு மாதம் ஆயிற்று. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, பாதி வரை தண்ணீர் நிரப்பிய இரண்டு குடங்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி உட்கார்ந்து எழுந்து "பஸ்கி" போடுவாள். அதன் பிறகு கழியில் தூளி கட்டி, மூன்று செங்கல் வைத்து, இருவரும் தோளில் ஏற்றி மாடியைச் சுற்றுவார்கள். சுற்றுகளை எண்ணிச் சுவரில் கரிக்கோடு போடுவது என் வேலை. பத்து நாளைக்கு ஒரு செங்கல் கூட்ட வேண்டும் என்பது பாய் சொன்ன கணக்கு.

கிடைத்த நேரத்தையெல்லாம் அவர்கள் விடவில்லை. அம்மா பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே போனாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். அப்பா ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழைய ஃபைல் கட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கியதாகவும், பியூன் பார்த்துவிட்டு மேலதிகாரி மேல் உள்ள கோபம் என்று நினைத்ததாகவும் வந்து சொல்வார். பக்கத்து மாடியில் துணி உலர்த்துகிற பெண்கள் வேடிக்கை பார்த்தால், முதுகு வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்று அம்மா கூசாமல் பொய் சொல்வாள். பாய் சொன்னபடி ஊறவைத்த கொண்டைக்கடலையும், ஆளுக்கு ஓர் அவித்த முட்டையும் தினமும் வீட்டில் உண்டு. கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் மாடியில் நடக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு நடப்பாள். ஒரு நாள் அருகில் போய்க் கேட்டேன். என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசியில் ஆறு செங்கல் ஆயிற்று. ஏழாவது வைத்த வாரத்தில், அம்மா குளித்துவிட்டு வரும்போது அவள் வலது தோளைப் பார்த்தேன். கழி அழுந்திய இடம் கன்னிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. அவள் சட்டென்று துண்டால் மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான் உள்ளறையில் இருப்பது தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவள் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு கல்லு வரைக்கும் ஒண்ணும் தெரியலங்க. ஏழாவது வெச்சா அடிவயித்துல புடிச்சு இழுக்குது. ரெண்டு கல்லு மட்டும் கம்மியா இருந்திருந்தா, நாலு வீதியும் ஓடியே வந்துடுவேன்."

"அதுக்கு என்னா பண்றது? பாப்பாவைப் புடிச்சு செதுக்கவா முடியும்?"

இருவரும் சிரித்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. உள்ளறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது விளையாட்டுப் பேச்சு என்று தோன்றவில்லை. இரண்டு செங்கல், அவ்வளவுதானே என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால் ஒரேயடியாக அல்ல, மாட்டிக்கொள்வேன் என்கிற அறிவு இருந்தது. காலை இட்லி மூன்றில் இரண்டை மாடிக்கு எடுத்துப்போய்க் காக்கைக்குப் போடுவேன். டிபன் பாக்ஸ் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணுக்குப் போய்விடும். முட்டையின் வெள்ளையைக் கடித்துவிட்டு, மஞ்சள் கருவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போடுவேன். இரவில் பாலை மட்டும் குடித்துவிட்டு வயிறு வலிக்கிறது என்பேன், அது பொய்யில்லை. என்னைச் சுமப்பதற்காக வீடே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது, சுமக்கப்படவேண்டிய நான் ஒளிந்து ஒளிந்து பட்டினி கிடந்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மாவின் தோளில் உள்ள அந்த நிறத்தை நான்தான் குறைக்கப் போகிறேன் என்று நம்பினேன்.

ஐப்பசியில் என் யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டி வந்தது. அம்மா அந்த ஊக்கைக் குத்தும்போது அவள் கை நின்றது. முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தாள். அப்புறம் டானிக். அப்புறம் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரைமரி காம்ப்ளக்ஸ்", அதாவது குழந்தைகளுக்கு வருகிற காசம் இருக்கலாம், ஒரு மாதம் பார்ப்போம் என்றார். தீபாவளிக்கு வந்த அத்தை என் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"பாத்தியா? இதையும் இழுத்துக்கிட்டே இருக்கான்."

மறுநாள் காலை அம்மா பாயிடம் இன்னொன்று கேட்டு வாங்கி, தூளியில் ஒன்பதாவது செங்கல்லை வைத்தாள். எட்டுதானே கணக்கு என்று அப்பா கேட்டார். "இருக்கட்டும். எவ்ளோ கேட்டாலும் தூக்கறேன்னு தெரியட்டும்" என்றாள். யாருக்குத் தெரியட்டும் என்று அப்பா கேட்கவில்லை. நான் இளைக்க இளைக்க அவள் கூடுதலாகத் தூக்கினாள். அவள் கூடுதலாகத் தூக்குவதைப் பார்த்து, நான் இன்னும் போதுமான அளவு இளைக்கவில்லை என்று நினைத்து, காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு இட்லியையும் விட்டேன். எங்களுக்குள் யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கடைக்குப் போய் மறுபடியும் ஒரு தடவை என்னை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். தீபம் முடியட்டும் என்றாள். தினமும் பத்துப் பதினைந்து குழந்தைகளைத் தராசில் தொங்கவிடுகிறவள், தன் பிள்ளையைத் தட்டில் உட்காரவைக்கப் பயந்தாள்.

தேர் நாள் வந்தது. எட்டுக் கரும்பைச் சேர்த்துக் கட்டி, நடுவில் அந்த மூங்கில் கழியைச் செருகி, அம்மாவின் கல்யாணச் சேலையில் தூளி கட்டினார்கள். முதல் நாள் மதியத்திலிருந்து நான் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கடைசி நாள் முயற்சி. தேரடி வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். சுற்றிலும் இப்படித் தூளிகள், எல்லாவற்றிலும் கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருக்க, நான் மட்டும் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய குழந்தை போகிறது பார் என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அத்தை முன்னால் வழிவிலக்கிக்கொண்டு போனாள்.

அப்பா "ம்" என்றதும் இருவரும் தோளில் ஏற்றினார்கள். ஏற்றிய நொடியில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். முன்னாலிருந்து அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் கேட்டார்.

"என்னா? முடியலயா?"

அம்மா கழியைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டாள். "ஒண்ணுமில்லைங்க. நடங்க" என்றாள்.

நடந்தார்கள். சேலை இடுக்கு வழியாக வானமும், கோபுரத்தில் ஒரு துண்டும், மலையும் ஆடி ஆடி வந்தன. கரும்புத் தோகை முகத்தில் உரசியது. என் தலைக்குப் பின்னால் அம்மாவின் மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது, மாடியில் கேட்டதைப் போல் இரைப்பு இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். திருவூடல் தெரு தாண்டியது நினைவிருக்கிறது. பே கோபுரத் தெருவில் தரை மேடேறும்போது பாரம் பின்பக்கம் சாயும், அங்கேதான் அம்மாவுக்குக் கஷ்டம் என்று பாய் முன்னமே சொல்லியிருந்தார். அந்த மேட்டுக்காக நான் காத்திருந்தேன். மேடு வந்ததா என்று தெரியாது. மேளச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகி, மலை கறுத்து, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது மறுபடியும் தேரடியில் அத்தையின் மடியில் கிடந்தேன். முகத்தில் சோடா வழிந்துகொண்டிருந்தது. அத்தை சிரித்தபடி அழுதாள். எட்டு வயசுப் பெண் கைக்குழந்தையைப் போல் தூங்கிவிட்டதாம், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும், ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா நடைபாதையில் குப்புறப் படுத்துக்கிடந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா தூளியிலிருந்து ஒரு கரும்பை உருவி, பல்லால் உரித்து, துண்டு துண்டாக என் வாயில் வைத்தாள். நான் மென்று துப்பத் துப்ப அடுத்த துண்டு வந்துகொண்டே இருந்தது.

அன்று இரவிலிருந்து நான் சாப்பிட்டேன். இரண்டே மாதத்தில் பாவாடைக்கு ஊக்கு வேண்டியிராமல் போயிற்று. பிரார்த்தனை பலித்துவிட்டது என்று அத்தை சாகும் வரை சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும். ஆனால் என்னவென்று சொல்வது? அம்மாவின் தோள் நிறம் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது, அப்பா அதன் பிறகு ஆயுசுக்கும் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போனார். நீங்கள் பயந்ததும் பொய், பலித்ததும் பொய், நான் பட்டினி கிடந்தேன், பிறகு சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. தீபம் முடிந்ததும் அப்பா பயிற்சியை நிறுத்திவிட்டார், செங்கற்கள் பாயின் வீட்டுப் பின்சுவரில் சேர்ந்துவிட்டன. அம்மா மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கையோடு என்னை எழுப்பி நிறுத்தி, அக்குளுக்குள் கைகொடுத்துத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கி, ஒரு நிமிஷம் வைத்திருந்து இறக்குவாள். தூக்கிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்பாள். எனக்குப் பன்னிரண்டு வயது வரை இது நடந்தது. கூச்சப்பட்டு ஓடியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் தன் தட்டிலிருந்து எழுந்ததும் கிடையாது.

அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் சென்னையில் வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். நாற்பதை நெருங்கும் பெண்களுக்கு எலும்பு வலுக்குறையும், பாரம் தூக்கிப் பழகு என்று டாக்டர் சொன்னதால், பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் போனில் ஒரு பெண் சொல்லித்தருவதைப் பார்த்துக்கொண்டே, மகனின் பழைய புத்தகப்பைக்குள் அரிசியை நிரப்பித் தூக்குகிறேன். போன மாதம் அம்மா வந்திருந்தாள். டம்ளரில் காபியோடு உட்கார்ந்து நான் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கீழே வைத்த பையை ஒரு கையால் பிடித்துச் சற்றே உயர்த்திப் பார்த்தாள்.

"மூணு கல்லு இருக்கும்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு தேரடியில உன்னைத் தூக்கினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்றரைக் கல்லு கம்மி. மூணு மாசமா தூக்கின தோளு, அதுக்குத் தெரியாதா? ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் நிறுத்தவ நான். அங்கியே எறக்கி வெச்சு, என்னாடி சாப்ட்டேன்னு கேட்டிருக்கணும். கேக்கல." காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "லேசா இருக்குதேன்னு சந்தோசமா இருந்துச்சு. அப்பாடா, சுத்திடலாம்னு இருந்துச்சு."

நான்தான் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருந்தேன் என்றேன், முப்பது வருஷம் கழித்து. தெரியும் என்றாள். அடுத்த வாரமே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எறும்பு மொய்த்த பொட்டலங்களைப் பார்த்துவிட்டாளாம். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ எதுக்குன்னு சொல்லுவியே" என்றாள்.

அந்த மாடி வீடு இப்போது இல்லை. பாயின் பிள்ளைகள் இடித்துவிட்டு நாலு மாடியாகக் கட்டிவிட்டார்கள், எனக்குப் பதிலாகத் தூளியில் சுற்றிய எட்டுச் செங்கல்லும் எந்தக் குப்பை லாரியில் போயினவோ. கடையில் சங்கிலித் தராசு இருந்த இடத்தில் எண் காட்டுகிற மெஷின் இருக்கிறது. போளூர் அத்தையும் இல்லை, என்னை "எட்டுக் கல்லு" என்று கூப்பிட ஆளும் இல்லை. கரும்புத் தூளிகள் மட்டும் ஒவ்வொரு தேர் நாளும் மாட வீதியைச் சுற்றுகின்றன. டிவியில் காட்டும்போது நான் எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் அம்மா அதைச் சொன்னபோதுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னைத் தூக்கியது என்ன கணக்கு என்று எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை. அவளே எழுந்து வந்தாள். என்னை நேராக நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் என் அக்குளுக்குள் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். என் கால் தரையை விட்டு எழவில்லை. மூச்சு வாங்க நின்று, மறுபடியும் ஒரு தடவை முயன்றாள்.

"முடியல" என்றாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நல்லாத்தான் சாப்புடற."